பனிச்சறுக்குக்கு வாத்தியார் பார்த்த கதை

செங்கல்பட்டில் நான்கு கார்களின் கூரைமேல் ஹெலன் என்ற பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. அந்த நான்கில் ஒன்றைக்கூட ஹெலனுக்கு ஓட்டத் தெரியாது.

அவர் கிராம சுகாதார செவிலியர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உள்ள கடலோரக் குப்பங்கள் அவர் பொறுப்பு. காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நிற்பார். அந்த நேரம் பார்த்து 'ஹெலன் டிரைவிங் ஸ்கூல்' கார் ஒன்று, புதிதாகக் கற்றுக்கொள்ளும் யாரோ ஒரு பெண்ணோடு, இரண்டாவது கியரில் விக்கிக்கொண்டே அவரைக் கடந்து போகும். பக்கத்து இருக்கையிலிருந்து கணவர் பெஞ்சமின் கையசைப்பார். ஹெலனும் கையசைப்பார். பிறகு பஸ் வரும், அல்லது வராது.

பள்ளிக்கு மனைவியின் பெயரை வைத்தவர் என்று பெஞ்சமினுக்கு ஊரில் நல்ல பெயர். பெயர் வைக்க லைசென்ஸ் தேவையில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

பெஞ்சமினுக்கு வண்டிமேல் வந்த வெறிக்கு ஒரு வரலாறு உண்டு. அவருடைய அப்பா சின்னையன் பாலாற்றங்கரையில் ஒரு பெரிய பண்ணையில் கூலி. பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே பெஞ்சமினுக்கு அந்தப் பண்ணையின் டிராக்டரைக் கழுவும் வேலை கிடைத்தது. சேற்றில் ஓட்டலாம். ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் இறங்கிவிட வேண்டும். அங்கிருந்து பண்ணைக்காரரின் மகன் ஏறி ஓட்டுவார். பெஞ்சமின் புகையைக் குடித்துக்கொண்டு பின்னால் நடந்து வர வேண்டும். டிராக்டருக்குச் சாதி இல்லை. அதன் இருக்கைக்கு இருந்தது.

பின்னாளில் சொந்தமாகப் பள்ளி தொடங்கியபோது அவர் ஒரே ஒரு விதி வைத்தார். யார் வந்தாலும் முதல் நாளே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் வகுப்பு கிடையாது. சிங்கப்பெருமாள் கோயில் அர்ச்சகர் வீட்டு மருமகளும் காலனிப் பையனும் ஒரே இருக்கையில், ஒருவர் எழுந்த சூடு ஆறுமுன் மற்றவர் உட்கார்ந்து கற்றார்கள். முகம் சுளித்தவர்களுக்கு அவரே வேறு பள்ளிக்கு வழி சொன்னார். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்க வந்தவர்களிடம், அதைப் பிழிந்து குடித்தால் பார்வையாவது தெளியும் என்றார். தன் காரின் கண்ணாடியில் 'இயேசு காப்பார்' என்று ஒட்டியிருந்தார். ஆனாலும் பிரேக்கைத் தன் காலடியிலேயே வைத்திருந்தார். இதற்கெல்லாம் அவரைப் பாராட்ட வேண்டும். பாராட்டிவிட்டு அவர் வீட்டுக்குள் போவோம்.

மகள் கவியா பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு முறை, கொளவாய் ஏரி ஓரமாக ஹெலனுக்கு அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மற்றவர்களுக்கு ஆபத்து வந்தால் மிதிப்பார். ஹெலனுக்கு, ஆபத்து வரக்கூடும் என்று தோன்றினாலே மிதித்தார். ஆடு தெரிந்தால் மிதித்தார். ஆட்டைக் காணோமென்றால், எங்கே போயிற்று என்று மிதித்தார். ஏரி முடிவதற்குள் ஹெலன் கதவைத் திறந்து இறங்கி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

"அவளுக்குக் கை நடுங்குது. வண்டி செட்டாவாது" என்று பெஞ்சமின் தீர்ப்பு எழுதினார். ஓடும் ஷேர் ஆட்டோவில் பிரசவம் பார்த்த கை அது. ஹெலன் மேல்முறையீடு செய்யவில்லை. மறுநாள் குப்பத்தில் தடுப்பூசி நாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இப்படியே வருடங்கள் போயின. கவியா படித்து முடித்து நாவலூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். போன ஜனவரியில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அறிவித்தாள்.

"பிப்ரவரில நாம மூணு பேரும் மணாலி போறோம். டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு நாள் பனிச்சறுக்கு கத்துக்கறோம்."

தாத்தா சின்னையன் ரசத்தைக் கீழே வைத்தார். "சறுக்கறதுக்கு இன்னாத்துக்குமா அவ்ளோ தூரம்? நம்ம வூட்டு பாத்ரூமுல நான் தெனம் சறுக்கிக்கினுதான் கீறேன். ஒருத்தனும் கத்துக் குடுக்கல."

"அதான் தாத்தா, கத்துக்காம சறுக்கினா இடுப்பு போயிடும். அப்பா, எந்த ஸ்கூல்ல சேர்றதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. வாத்தியார் எடை போடறது உங்களுக்குத்தான் தெரியும்."

பெஞ்சமின் இதை மறுக்கவில்லை. உண்மையில், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு மும்முரம் காட்டியிருக்கமாட்டார். சனிக்கிழமை மாலை கூடத்தில் உட்கார்ந்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். மறுமுனையில் பேசுகிறவர்களின் இந்தியைக் கவியா மொழிபெயர்த்தாள். ஹெலன் பின்கட்டில் சங்கரா மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்தார். அங்கே எல்லாம் கேட்டது.

முதல் பள்ளிக்காரர் உற்சாகமானவர். நூறு சதவீதம் உத்தரவாதம் என்றார். வீடியோ இலவசம் என்றார். சறுக்கவே வராவிட்டாலும் கவலை வேண்டாம், சறுக்குவது போல நின்றால் போதும், மற்றதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"எட்டு மட்டும் போட வச்சு லைசென்ஸ் வாங்கிக் குடுக்கற ஸ்கூலும்மா இது" என்றார் பெஞ்சமின். "நம்ம ஊர்லயும் கீது. கட் பண்ணு."

இரண்டாவது பள்ளிக்காரர் நிதானமாகப் பேசினார். பெஞ்சமின் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிரேக்கு எங்க கீதுன்னு கேளு."

கவியா கேட்டாள். "காலுதான் பிரேக்காம்பா. ரெண்டு பலகையோட முன்பக்கத்தைக் கிட்ட வச்சு, பின்பக்கத்தை அகட்டினா நின்னுடுமாம்."

"அது கத்துக்கறவனுக்கு. சொல்லிக் குடுக்கறவனுக்கு பிரேக்கு எங்க?"

இப்படி ஒரு கேள்வியை அந்த மலை இதற்குமுன் கேட்டதில்லை. பிறகு பதில் வந்தது. வாத்தியார் எதிரே பின்பக்கமாகச் சறுக்கியபடி, கற்றுக்கொள்பவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே கீழே வரை வருவாராம். பெண்கள் என்றால் கடைசிவரை விடமாட்டாராம்.

"விடவே மாட்டானாமா?"

"விடவே மாட்டாராம்பா."

"இது ஸ்கூலு!" பெஞ்சமின் தொடையில் தட்டினார். "உங்கம்மாவுக்கு பயம் ஜாஸ்தின்னு சொல்லு. கைய வுடக் கூடாதுன்னு ரெண்டு தபா சொல்லு."

பின்கட்டில் செதில் உரசும் சத்தம் நின்றது.

"உங்களுக்கும் புக் பண்ணிடவாப்பா?"

"எனக்கு இன்னாத்துக்கு? நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன். யாராவது ஒருத்தர் கவனிக்கணும் இல்ல?"

கவியாவிடம் மூன்றாவதாக ஒரு எண் இருந்தது. டோல்மா என்ற பெண், தன் நாத்தனாரோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்கிறார். விளம்பரம் கிடையாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். முதல் நாள் காலை சரிவுக்கே போகமாட்டோம். சமதரையில் விழுந்து எழப் பழகுவோம். பக்கவாட்டில் விழ வேண்டும், தானாக எழ வேண்டும். நான் கையைப் பிடிப்பதில்லை. பிடித்தால் அவர்கள் பனிமேல் நிற்கமாட்டார்கள், என்மேல் நிற்பார்கள். உங்கள் ஊரில் கடல் இருக்கிறதா? அப்படியானால் மணல் இருக்கும். வருவதற்குமுன் மணலில் விழுந்து பழகிவிட்டு வாருங்கள்.

பெஞ்சமின் ஃபோனை அணைத்தார். "கையப் பிடிக்காம இன்னா வாத்தியாரு வேலை? நாம வுழறத நின்னு பாக்கறதுக்கு ஒரு ஆளா? ரெண்டாவது ஆளுதான். முடிச்சிடு."

ஹெலன் கூடத்துக்கு வந்தார். முழங்கைவரை செதில் மினுங்கியது.

"அந்தப் பொண்ணு இன்னா சொன்னா? இன்னொரு தபா சொல்லு கவியா."

கவியா சொன்னாள். ஹெலன் முழுவதும் கேட்டார். "எனக்கு இவதான் வாத்தியாரு."

"ஹெலனு, உனக்கு இது புரியாது. எத்தினி வருசமா நான் சொல்லிக் குடுத்துக்கினு கீறேன்..."

"உன் ஸ்கூல்ல படிச்ச பொம்பளைங்க எத்தினி பேரு இப்ப வண்டி ஓட்றாங்க?"

ஹெலன் கணவரை 'நீங்க' என்றுதான் பேசுவார். 'நீ' வந்தால், கூடத்து மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்னையன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவது வழக்கம். இப்போதும் போனார்.

"எல்லாரும் பாஸு" என்றார் பெஞ்சமின். "ஒருத்தியும் ஃபெயிலாவல."

"பாஸக் கேக்கல. ஓட்றாங்களான்னு கேட்டேன். நான் வூடு வூடா போறவ. லைசென்ஸு பீரோவுல பட்டுப் பொடவைக்கு அடியில கீது. வண்டிய புருசன் எடுத்துக்கினு போயிடறான். பொண்டாட்டி எனக்குப் பக்கத்துல பஸ் ஸ்டாப்ல நிக்கறா."

பெஞ்சமினுக்குக் கோபம் வந்தது. நியாயமான கேள்விக்கு முதலில் வருவது அதுதான். பதில், வந்தால், அப்புறம் வரும்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? சரி. கையப் பிடிக்காம உன்னால ஆவுமா? மலைல வுழுந்தா யாரு தூக்கறது?"

"நாளைக்கு மணல்ல வுழுந்து காட்றேன். யாரும் தொடாம எழுந்துட்டா அந்தப் பொண்ணு. முடியலன்னா உன் ஆளு. கையப் பிடிச்சு சாவற வரைக்கும் இட்டுக்கினு போவட்டும்."

பந்தயம் அப்படி முடிவாயிற்று. பார்ப்பதற்கு இது ஒரு விடுமுறை ஏற்பாடு. ஹெலனுக்கு அப்படி இல்லை. இந்த வயதில் ஒரு புதிய காரியத்தை, யாரும் முந்திக்கொண்டு நிறுத்தாமல், தானே கெடுத்துத் தானே சரிசெய்து கற்கும் வாய்ப்பு அவருக்கு இதுவரை ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்றும் சொல்வதற்கில்லை. செங்கல்பட்டில் பனி பெய்வது அபூர்வம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மூவரும் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். சறுக்குப் பலகைக்குக் கவியா ஒரு வழி கண்டிருந்தாள். பள்ளியின் பழைய விளம்பரப் பலகை மொட்டை மாடியில் கிடந்தது, நல்ல ப்ளைவுட். அதைக் காலையிலேயே தச்சரிடம் கொடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுத்து வாங்கியிருந்தாள். சைக்கிள் ட்யூபால் கட்டியதும், ஹெலனின் இடதுகாலில் அவர் பெயரின் மேல்பாதியும் வலதுகாலில் கீழ்பாதியும் வந்தன.

இடம், ஹெலனின் குப்பம் ஒன்றைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்கும் அலைக்கும் நடுவே லேசாகச் சரியும் மணல். பெஞ்சமின் கவிழ்த்துப் போட்டிருந்த படகின்மேல் நடுவர் போல உட்கார்ந்தார். கவியா ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹெலன் மகளின் பழைய டிராக் பேன்ட்டை மாட்டியிருந்தார். ஒரு முறை சுற்றிப் பார்த்தார். பிறகு, மரியாதையுள்ள ஒரு அரசு ஊழியர் எப்படி விழவேண்டுமோ அப்படிப் பக்கவாட்டில் விழுந்தார்.

விழுவது சுலபமாக இருந்தது. எழுவதில்தான் சிக்கல். பலகைகள் இரண்டும் கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. எழ முயன்றபோதெல்லாம் அவை கடலை நோக்கி நகர்ந்தன. ஹெலனின் மற்ற பாகங்கள் பின்தங்கின. பெஞ்சமின் இரண்டு தடவை பாய்ந்து வந்தார். இரண்டு தடவையும் கவியா குறுக்கே நின்றாள்.

"யாரும் தொடக் கூடாதுன்னுதானே பந்தயம், அப்பா."

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ஹெலன் புரண்டு, கால்களை உதைத்து, பலகைகளைக் குறுக்காகத் திருப்பப் பார்த்தார். வாயெல்லாம் மணல்.

அந்த நேரம் குப்பத்தைச் சேர்ந்த வேண்டா என்பவர் அந்த வழியாக மீன்கூடையோடு வந்தார். அடுத்தது பெண்ணாகப் பிறக்க வேண்டாம் என்று மகளின் பெயரிலேயே மனுப் போட்ட பெற்றோரின் நான்காவது மகள். அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஹெலன்தான் தடுப்பூசி போட்டவர். தங்கள் நர்சம்மா பேன்ட் போட்டுக்கொண்டு, காலில் பலகையோடு, மணலில் வெட்டி வெட்டி இழுப்பதை வேண்டா பார்த்தார். கூடை கீழே விழுந்தது.

"ஐயோ! நர்சம்மாவுக்கு வலிப்பு வந்துகிச்சு! இரும்பு குடுங்கய்யா! சாவி! சாவி இல்லியா?"

இதை விளக்க வேண்டும். மாதாமாதம் தாய்மார் கூட்டத்தில் ஹெலன் சொல்லும் பாடங்களில் ஒன்று இது: வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்காதீர்கள். இரும்பு எதையும் நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வேண்டா முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார். பெஞ்சமினும் இதை வீட்டில் பலமுறை கேட்டிருக்கிறார். அதோடு, மனைவிக்கு வலிப்பு வரவில்லை என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அறிவு தலைக்குள் இருக்கிறது. யாராவது "சாவி" என்று அலறினால் கை அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. பெஞ்சமினின் கை பாக்கெட்டுக்குள் போய், நான்கு காரின் சாவிகளும் பள்ளி ஷட்டரின் பெரிய சாவியும் கோத்த கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

வேண்டா அதை ஹெலனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்திவிட்டு விலகினார். ஹெலனால் பேச முடியவில்லை, மணலைத் துப்பிக்கொண்டிருந்தார். அதே சமயம் பலகைகள் ஒருவழியாகக் குறுக்கே திரும்பியிருந்தன. மடக்கிய கையை மணலில் ஊன்றினார், முழங்காலை உள்ளே இழுத்தார், எழுந்து நின்றுவிட்டார்.

"பாத்தியா!" வேண்டா மார்பில் கைவைத்தார். "இரும்பு பட்டதும் எழுந்துகிச்சு பாரு! கர்த்தரும் மாரியாத்தாளும் ஒண்ணா காப்பாத்திட்டாங்க!"

"எனக்கு வலிப்பே வரல" என்றார் ஹெலன், மணலோடு.

"வந்தவங்களுக்குத் தெரியாது நர்சம்மா. பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

பெஞ்சமின் படகிலிருந்து இறங்கி வந்தார். முகத்தில் ஒரு சட்ட நுணுக்கம் உதித்திருந்தது. "இது செல்லாது. சாவி என்னுது. நான் குடுத்தேன். அத்த ஊனிக்கினுதான் எழுந்த. அப்ப நான் கையப் பிடிச்ச மாதிரிதான்."

"ஆமாம்மா" என்றார் வேண்டா. "அண்ணாத்த மட்டும் சாவி குடுக்கலன்னா உன் கதி இன்னா ஆயிருக்கும்?"

ஹெலன் இருவரையும் பார்த்தார். குப்பத்தில் பல வருடம் எதிர்த்த மூடநம்பிக்கையும், வீட்டில் பல வருடம் எதிர்க்காமல் விட்ட கணவரும், தோளோடு தோள் சேர்ந்து ஒரே கட்சியில் நின்றார்கள். இரண்டுக்கும் ஒரே சோதனை போதும் என்று அவருக்குத் தோன்றியது. சாவிக்கொத்தை வேண்டாவிடம் நீட்டினார்.

"புடி. நான் எழுந்திருக்கற வரைக்கும் இது உன் கையிலதான் இருக்கணும்." கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க அந்தப் பக்கம் போங்க. இன்னும் கொஞ்சம். கவியா, உங்கப்பாவையும் சேத்து வீடியோ எடு. அப்பால யாரும் பேசக் கூடாது."

மறுபடி விழுந்தார். இந்தத் தடவை விழும்போதே பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காக வைத்துக்கொண்டார். முதல் முயற்சியில் பாதி எழுந்து, பின்னால் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சமினின் வலதுகால் தானாக மணலை அழுத்தியது. இரண்டாவது முயற்சியில் டிராக் பேன்ட் முழங்காலில் கிழிந்தது. ஹெலன் அப்படியே சற்று நேரம் படுத்து, வானத்தைப் பார்த்து மூச்சு வாங்கினார். யாரும் வரவில்லை. யாரும் வராதது நன்றாக இருந்தது. பிறகு இடுப்பைப் பலகைக்குக் கிட்டே நகர்த்தி, வெறுங்கையை ஊன்றி, மெதுவாக, அசிங்கமாக, முழுதாக எழுந்து நின்றார்.

"இப்ப இன்னா சொல்ற?" என்று வேண்டாவைக் கேட்டார். "எங்கையில இரும்பு இருந்துச்சா?"

வேண்டா சாவிக்கொத்தைப் பார்த்தார். ஹெலனைப் பார்த்தார். யோசித்தார்.

"ஒரு தபா இரும்பு பட்டா, அந்த சக்தி கொஞ்ச நேரம் ஒடம்புல தங்கும் நர்சம்மா."

பெஞ்சமின் அப்போதுதான் வாயைத் திறந்திருந்தார். ஏரிக்கரையில் அன்று தான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சமாவது உடம்பில் தங்கியிருக்கும், அதனால்தான் எழ முடிந்தது என்று சொல்ல வந்தார். வேண்டா சொன்னது காதில் விழுந்தது. அதே வாக்கியம், இரும்புக்குப் பதிலாக அவருடைய பாடம். வாயை மூடிக்கொண்டார்.

வேண்டா கூடையை எடுத்து, சிதறிய மீன்களைப் பொறுக்கிக்கொண்டு, சாவியைப் படகின்மேல் வைத்துவிட்டுப் போனார். இன்று இரவுக்குள் இந்தக் கதை குப்பம் முழுக்கப் போய்விடும், அடுத்த தாய்மார் கூட்டத்தில் இரும்புப் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஹெலனுக்குத் தெரிந்தது. வீடியோவைப் போட்டுக் காட்டலாம். நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

"அந்தப் பொண்ணுக்கு போன் போடு" என்றார் பெஞ்சமின்.

கவியா போட்டாள். டோல்மா எடுத்தார். அங்கே காற்று இரைவது ஸ்பீக்கரில் கேட்டது.

"எத்தனை பேருன்னு கேக்கறாங்கப்பா."

ஹெலன் கால்களிலிருந்து ட்யூபை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "ஓரமா நின்னு பாக்கற ஆளு யாரும் வேணாம். அப்படி ஒரு ஆளு வந்தா நான் வரல."

பெஞ்சமின் கடலைப் பார்த்தார். "மூணு பேருன்னு சொல்லு."

"யாருக்காவது ஏற்கெனவே கொஞ்சம் தெரியுமான்னு கேக்கறாங்க. தெரிஞ்சா வேற குரூப்பாம்."

பெஞ்சமினின் தொழிலில் இந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. கொஞ்சம் தெரியும் என்று வருகிறவர்கள்தான் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்துவார்கள்.

"ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு" என்றார். "மூணு பேருக்கும்."

ஹெலன் பலகைகள் இரண்டையும் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார்.

"செருப்பக் கழட்டுங்க" என்றார்.